எத்தனை பேர் வந்தார்கள்? ஐரோப்பியப் புகலிடக் கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1999 அக்டோபரில் பின்லாந்தின் தம்பெரே நகரில் கூடிய ஐரோப்பிய ஒன்றியத் தலைவர்கள், புகலிடத்துக்கும் குடியேற்றத்துக்கும் பொதுவான கொள்கை வகுப்போம் என்று முடிவெடுத்தார்கள். கால் நூற்றாண்டு கடந்தும் அந்தக் கொள்கை எப்படி இருக்க வேண்டும் என்ற சண்டை ஓயவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கொரு எண்ணைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, எதை எண்ணுகின்றன என்று கேட்டால்தான் பேச்சே புரியும். திரும்பத் திரும்ப எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

யார் அகதி என்பதைச் சட்டம்தானே சொல்கிறது? புள்ளிவிவரத்துக்கு இதில் என்ன வேலை?

தனி ஆளைப் பொறுத்தவரை சரிதான். 1951 அகதிகள் உடன்படிக்கை எண்ணிக்கையைப் பற்றிப் பேசவில்லை. இனம், மதம், அரசியல் கருத்து போன்ற காரணங்களுக்காக உங்கள் நாட்டில் நீங்கள் துன்புறுத்தப்படும் ஆபத்து உண்டா என்பதுதான் அங்கே கேள்வி. ஆனால் 27 நாடுகள் சேர்ந்து பொறுப்பைப் பகிர வேண்டும் என்றதும் எண்ணில்லாமல் ஓரடி வைக்க முடியாது. எந்த நாட்டுக்குச் சுமை அதிகம், யார் எத்தனை பேரை ஏற்க வேண்டும், யார் ஆளுக்குப் பதில் பணம் தரலாம் என்பதெல்லாம் கணக்குதான்.

இப்போது எண் அதையும் தாண்டிப் போய்விட்டது. 2024-ல் நிறைவேறிய குடியேற்ற, புகலிட ஒப்பந்தத்தில் ஒரு விதி உண்டு. ஒரு நாட்டவருக்கு ஒன்றியம் முழுவதும் சொல்லப்பட்ட முடிவுகளில் 20 சதவீதமோ அதற்குக் குறைவோதான் பாதுகாப்பு தந்தவை என்றால், அந்த நாட்டிலிருந்து அடுத்து வருபவரின் மனு எல்லையிலேயே விரைவு விசாரணைக்குப் போகும். 2026 ஜூன் 12 முதல் அமலாகும்படி எழுதப்பட்ட விதி இது. முன்னால் வந்துபோன, முகம் தெரியாத சக நாட்டவர்களின் சராசரிதான் ஒருவர் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று சொல்கிறது. அந்தச் சராசரியை எப்படிப் போட்டார்கள் என்று கேட்காமல் எப்படி?

எண்ணுவது யார்?

லக்சம்பர்க்கில் இருக்கும் ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் வெளியிடுகிறது. ஆனால் அது நேரில் போய் யாரையும் எண்ணுவதில்லை. நாடுகள் அனுப்புவதைத் தொகுக்கிறது. எதை, எந்த வரையறைப்படி, எத்தனை நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்பதை 2007-ல் வந்த 862-ஆம் எண் ஒழுங்குவிதி சொல்கிறது (2020-ல் திருத்தப்பட்டது). புகலிட மனுக்கள் மாதக் கணக்கு. மாதம் முடிந்து இரண்டு மாதத்துக்குள் வந்து சேர வேண்டும்.

புகலிட எண்கள் பெரும்பாலும் உள்துறை அமைச்சகம், குடிவரவு அலுவலகம் போன்ற இடங்களிலிருந்து வருகின்றன. மக்கள்தொகைக் கணக்கு மாதிரி வீடு வீடாகப் போய் எடுப்பதில்லை. ஒரு மேஜையில் ஒரு கோப்பு திறந்தால் ஓர் எண் ஏறும். கோப்பு திறக்காத நாளில் வாசலில் ஆயிரம் பேர் நின்றாலும் அட்டவணையில் பூஜ்யம்தான்.

இது போக, வார்சாவில் இருக்கும் ஒன்றியத்தின் எல்லைக் காவல் முகமையான ஃப்ரோன்டெக்ஸ் எல்லை தாண்டல்களை எண்ணுகிறது. மால்டாவில் இருக்கும் ஐரோப்பியப் புகலிட முகமை நார்வே, சுவிட்சர்லாந்து இரண்டையும் சேர்த்துக்கொண்டு தனிக் கணக்கு வைத்திருக்கிறது. ஐ.நா. அகதிகள் ஆணையம் கடல்வழி வந்திறங்குபவர்களை எண்ணுகிறது. நான்கும் நான்கு விதம். செய்தித்தாளில் மட்டும் நான்குக்கும் ஒரே பெயர், “குடியேறிகள்”.

2015-ல் ஜெர்மனிக்கு வந்தவர்கள் 11 லட்சமா, 8.9 லட்சமா, 4.77 லட்சமா? மூன்றும் அரசு சொன்னதுதானே?

மூன்றும் அரசு சொன்னதுதான். ஒவ்வொன்றும் வேறு பொருளை எண்ணியது.

2016 ஜனவரி முதல் வாரத்தில் ஜெர்மன் உள்துறை அமைச்சகம் வெளியிட்ட எண் 10,91,894. இது ‘ஈஸி’ என்ற கணினி முறையிலிருந்து எடுத்தது. வந்தவர்களை 16 மாநிலங்களுக்குப் பிரித்து அனுப்ப வைத்திருந்த முறை அது. பெயர் கேட்காது, எந்த நாடு, எத்தனை தலை என்று மட்டும் பதியும். மியூனிக்கில் பதிந்தவர் ஒதுக்கிய ஊருக்குப் போகாமல் உறவினர் இருக்கும் ஊருக்குப் போய் அங்கே மறுபடி பதிந்தால் இரண்டு. பதிந்த கையோடு ஸ்வீடனுக்கு ரயிலேறினாலும் ஜெர்மனிக் கணக்கில் ஒன்று. அடுத்த செப்டம்பரில் அன்றைய உள்துறை அமைச்சர் தோமஸ் டி மெஸியேர், உண்மையில் வந்தவர்கள் சுமார் 8,90,000 என்று திருத்திச் சொன்னார். இரண்டு லட்சம் பேர் காகிதத்திலேயே வந்து காகிதத்திலேயே போனார்கள். ஆனால் அதற்குள் “பத்து லட்சம்” என்ற சொல் உலகம் முழுக்கப் பதிந்துவிட்டது. இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்.

சரி, 4,76,649 எங்கிருந்து வந்தது? அந்த வருடம் முறைப்படி புகலிட மனு போட்டவர்கள் அத்தனை பேர். மீதிப் பேர் மனு போட மறுக்கவில்லை. மனு வாங்க ஆளில்லை. வந்து இறங்கிய நாளுக்கும் மனு ஏற்கப்பட்ட நாளுக்கும் இடையே மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்தப் பாக்கி எல்லாம் 2016-ல் தீர்ந்தது. அதனால் 2016-ன் மனுக்கள் 7,45,545. அந்த வருடம் புதிதாக வந்தவர்களோ சுமார் 2,80,000 பேர்தான். மனு எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு 2016-தான் நெருக்கடியின் உச்சம் போலத் தெரியும். ஜெர்மனியில் இருந்தவர்களுக்கு எல்லாம் 2015 இலையுதிர்காலம் என்றால் என்னவென்று தெரியும்.

ஒரே ஆள் எத்தனை தடவை எண்ணப்படலாம்?

சிரியாவின் அலெப்போவிலிருந்து கிளம்பிய ஒருவரைப் பின்தொடர்ந்து பார்ப்போம். கற்பனை ஆள்தான், பாதை கற்பனையில்லை.

2015 ஆகஸ்டில் கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவில் படகிலிருந்து இறங்குகிறார். ஐ.நா. கணக்கில் ஒன்று. ஃப்ரோன்டெக்ஸ் கணக்கிலும் ஒன்று. கிரேக்கத்தைக் கடந்து மாசிடோனியா, செர்பியா வழியாக நடக்கிறார். அவை ஒன்றியத்துக்கு வெளியே. பிறகு ஹங்கேரி எல்லையில் மறுபடி உள்ளே வருகிறார். ஃப்ரோன்டெக்ஸ் கணக்கில் இரண்டாகிவிட்டார். ஹங்கேரி அதிகாரிகள் கைரேகை எடுத்து மனுவில் கையெழுத்து வாங்குகிறார்கள். யூரோஸ்டாட்டில் ஹங்கேரி, 2015, முதல்முறை மனுதாரர், ஒன்று. மூன்றாம் நாள் வியன்னா போய் அங்கிருந்து மியூனிக். ஈஸியில் ஒன்று. டோர்ட்மண்டில் அண்ணன் இருக்கிறார், அங்கே போகிறார், ஈஸியில் இரண்டு. 2016 மார்ச்சில்தான் ஜெர்மனியில் மனு கொடுக்க முறை வருகிறது. யூரோஸ்டாட்டில் ஜெர்மனி, 2016, மறுபடியும் முதல்முறை மனுதாரர், ஒன்று.

“முதல்முறை” என்பது அந்தக் குறிப்பிட்ட நாட்டில் முதல்முறை என்றுதான் பொருள். ஒன்றியத்தில் முதல்முறை என்றில்லை. ஆகவே நாட்டு எண்களைக் கூட்டி “ஐரோப்பாவில் இத்தனை பேர்” என்றால் இவர் இரண்டு பேர்.

இது சில்லறை விஷயம் இல்லை. அந்த வருடம் ஹங்கேரியில் முதல்முறை மனுதாரர்கள் சுமார் 1.74 லட்சம். மக்கள்தொகை விகிதப்படி பார்த்தால் ஒன்றியத்திலேயே முதலிடம். ஜெர்மனி, ஸ்வீடன் எல்லாம் பின்னால்தான். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் விசாரணைக்கு முன்பே கிளம்பிப் போய்விட்டார்கள்.

ஃப்ரோன்டெக்ஸ் எண்ணை நம்பலாமா?

அது எதை எண்ணுகிறதோ அதற்கு நம்பலாம். எண்ணுவது கண்டுபிடிக்கப்பட்ட எல்லை தாண்டல்களை. 2015 அக்டோபரில் அந்த அமைப்பு, ஒன்பது மாதத்தில் 7,10,000 குடியேறிகள் ஒன்றியத்துக்குள் வந்தார்கள் என்று அறிவித்தது. கிரேக்கத்தில் ஒரு தடவை, ஹங்கேரியில் ஒரு தடவை என்று ஒரே ஆள் இரண்டு முறை சேர்ந்திருப்பாரே என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியதும், ஆமாம், அப்படி நேரலாம் என்று விளக்கம் வந்தது. வருடக் கடைசியில் ஃப்ரோன்டெக்ஸ் கணக்கு 18 லட்சத்தைத் தாண்டியது, ஐ.நா. எண்ணிய கடல்வழி வருகை 10 லட்சத்துக்குச் சற்று மேல். இன்று அதன் அறிக்கைகளில் இந்த எச்சரிக்கை அடிக்குறிப்பாக இருக்கிறது. அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்?

எதிர்த் திசையிலும் பிழை உண்டு. 2024-ல் ஃப்ரோன்டெக்ஸ் கண்ட தாண்டல்கள் சுமார் 2,39,000. அதே வருடம் முதல்முறை புகலிட மனுக்கள் சுமார் 9,12,000. மீதிப் பேர் எல்லாரும் திருட்டுத்தனமாக வந்தார்கள் என்று சிலர் இதை வைத்து எழுதுகிறார்கள். அந்த வருடம் சிரியர்களுக்கு அடுத்து அதிகம் மனு போட்டவர்கள் வெனிசுலாக்காரர்கள். அவர்களுக்கு ஷெங்கன் விசாவே தேவையில்லை, கொலம்பியர்களுக்கும் அப்படித்தான். மாட்ரிட் விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி முன்வாசல் வழியாக வந்தவர்கள்.

கைரேகைத் தரவுத்தளம் இருக்கிறதே, பிறகும் ஏன் ஆட்களை எண்ண முடியவில்லை?

யூரோடாக் என்ற அந்தத் தரவுத்தளம் 2003 ஜனவரியிலிருந்து இயங்குகிறது. ஆனால் அதைக் கட்டியது எண்ணுவதற்காக இல்லை. இவர் முதலில் எந்த நாட்டில் பதிந்தார், அந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பலாமா என்ற டப்ளின் விதியின் கேள்விக்காகக் கட்டியது. ஒவ்வொரு பதிவும் தனித்தனி. ஒருவரின் எல்லாப் பதிவுகளையும் ஒரே கயிற்றில் கோக்கும் வசதி அதில் இல்லை. 2024 சட்டம் அதை மாற்றுகிறது: பதிவுகள் ஆளோடு இணைக்கப்படும், மனுக்களோடு சேர்த்து மனுதாரர்களையும் எண்ண முடியும். கூடவே கைரேகை எடுக்கும் வயது 14-லிருந்து 6-க்கு இறங்குகிறது. நல்ல கணக்குக்கு ஆறு வயதுக் குழந்தையின் விரலை உருட்ட வேண்டுமா என்று கேட்டால், எனக்கு அதில் தயக்கம் உண்டு. காணாமல் போகும் குழந்தைகளைக் கண்டுபிடிக்க உதவும் என்கிறார்கள். தரவுத்தளத்தில் போலீஸ் தேடவும் வழி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பெயரை வைத்து எண்ணலாமே என்று நினைக்கலாம். அரபியில் ஒரே விதமாக எழுதும் முகமதுவை லத்தீன் எழுத்தில் ஐந்தாறு விதமாக எழுதலாம். ஒவ்வொரு அலுவலகமும் தன் காதுக்குக் கேட்டபடி எழுதும். தமிழ் வாசகருக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. இனிஷியல் மட்டும் வைத்துக்கொண்டு போய், ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தின் முன் முழித்து, கடைசியில் அப்பாவின் பெயரால் அழைக்கப்பட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்.

‘ஏற்பு விகிதம்’ என்கிறார்களே, அது நேரான சதவீதம்தானே? ஏற்றது வகுத்தல் மொத்தம்?

மேலே எதைப் போடுவது, கீழே எதைப் போடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மேலே: அகதி அந்தஸ்து, துணைப் பாதுகாப்பு (அகதி வரையறைக்குள் வராவிட்டாலும், திரும்பினால் போர், சித்திரவதை போன்ற கடும் ஆபத்து உள்ளவருக்குத் தருவது) இரண்டும் ஒன்றியச் சட்டத்தின் கீழ் வருபவை. இவை போக, சில நாடுகள் தங்கள் உள்நாட்டுச் சட்டப்படி மனிதாபிமான அடிப்படையில் தங்க அனுமதி தருகின்றன. யூரோஸ்டாட் வழக்கமாக அதையும் ஏற்பில் சேர்க்கிறது. புகலிட முகமை சேர்ப்பதில்லை. ஒரே நாடு, ஒரே வருடம், இரண்டு விகிதம்.

கீழே: விசாரித்து மறுத்த மனுக்கள் மட்டுமா, இல்லை, “இது வேறு நாட்டின் பொறுப்பு” என்று விசாரிக்காமலே மூடிய கோப்புகளுமா? ஜெர்மனியில் 2016-க்கு ஏற்பு விகிதம் 62.4 சதவீதம் என்று அந்நாட்டுக் குடிவரவு அலுவலகத்தின் கணக்கு. விசாரிக்காமல் மூடியவற்றை நீக்கிப் பார்த்தால் 71-ஐத் தாண்டும். இரண்டும் தப்பில்லை. எதை எப்போது சொல்கிறார்கள் என்று பாருங்கள், சொல்பவரின் கட்சி தெரிந்துவிடும்.

அப்புறம் நேரம். முதல்கட்ட முடிவை மட்டும் எண்ணினால், மேல்முறையீட்டில் ஜெயித்தவர்கள் நிராகரிக்கப்பட்டவர்களாகவே நிற்பார்கள். முன்னே சொன்ன 20 சதவீத வரம்பு முதல்கட்ட முடிவை வைத்துத்தான் போடப்படுகிறது. ஒரு நாட்டவரின் கேஸ்களை முதல்கட்டத்தில் அவசரமாகத் தள்ளிவிட்டு நீதிமன்றத்தில் திருத்தும் வழக்கம் இருந்தால், அந்த அவசரமே அடுத்து வருபவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். ஒப்பந்தத்தில் எனக்கு அதிகம் உறுத்தும் இடம் இதுதான்.

கடைசியாக, ‘ஒன்றியச் சராசரி’ என்ற ஒன்று உண்மையில் இருக்கிறதா? 2016-ல் ஆப்கானியர்களின் மனுக்களை இத்தாலி 90 சதவீதத்துக்கு மேல் ஏற்றது. பல்கேரியா 5 சதவீதம்கூட ஏற்கவில்லை. ஒரே காபூல், ஒரே குண்டுவெடிப்பு. இரண்டையும் கூட்டி வகுத்தால் வரும் எண் எந்த நாட்டிலும் நடக்காத ஒன்றைச் சொல்லும்.

இப்படி ஒரு சதவீதத்தைச் சட்டத்தில் எழுதியது இதுதான் முதல் தடவையா?

இல்லை. 2015 செப்டம்பரில் இத்தாலி, கிரேக்கம் இரண்டிலிருந்தும் 1,60,000 பேரை மற்ற நாடுகளுக்குப் பிரித்து அனுப்ப முடிவானது. ஏற்பு விகிதம் 75 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும் நாட்டவருக்கு மட்டும்தான் அந்த வாய்ப்பு. யூரோஸ்டாட்டின் கடைசிக் காலாண்டு எண்தான் அளவுகோல். சிரியர்களும் எரித்திரியர்களும் தாண்டினார்கள். ஈராக்கியர்கள் முதலில் தாண்டினார்கள். பிறகு சராசரி 75-க்குக் கீழே இறங்கியதும் 2016 நடுவில் பட்டியலிலிருந்து விழுந்தார்கள். அந்த மாதங்களில் ஈராக்கின் மொசூல் நகரம் இன்னும் ஐ.எஸ். கையில்தான் இருந்தது.

இன்னொரு பக்கம் வேடிக்கை: கரீபியன் தீவு நாடுகள் சில பட்டியலில் ஏறின. காரணம் எளிது. ஒரு காலாண்டில் அந்தத் தீவிலிருந்து ஒருவரோ இருவரோ மனு போட்டு, ஏற்கப்பட்டிருந்தால், விகிதம் 100 சதவீதம். கிரேக்கத் தீவு முகாமில் உட்கார்ந்திருந்த யாருக்கும் அதனால் பயனில்லை.

யார் எத்தனை பேரை ஏற்க வேண்டும் என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

ஜெர்மனியின் மாநிலங்களுக்குள் பழைய சூத்திரம் ஒன்று உண்டு, கோனிக்ஸ்டைன் பங்கீடு. மூன்றில் இரண்டு பங்கு வரி வருவாய், ஒரு பங்கு மக்கள்தொகை. நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியாவுக்கு ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல், பிரேமனுக்கு நூற்றில் ஒன்று. முதலில் ஆராய்ச்சிச் செலவைப் பிரிக்க வந்த சூத்திரம் இது.

ஒன்றியம் 2015-ல் வைத்தது கொஞ்சம் சிக்கலானது: மக்கள்தொகை 40, பொருளாதார அளவு 40, முந்தைய ஆண்டுகளின் மனுக்கள் 10, வேலையின்மை 10. 2024-ல் அதைச் சுருக்கி மக்கள்தொகை பாதி, பொருளாதாரம் பாதி என்று வைத்துவிட்டார்கள். எனக்கு இதுவே மேல் என்று படுகிறது. இரண்டுமே திடமான எண்கள். யாரும் ஒரு ராத்திரியில் மாற்ற முடியாது. முந்தைய மனுக்களை எண்ணில் சேர்த்தால் 2015-ன் ஹங்கேரிக்குத் தள்ளுபடி கிடைத்திருக்கும், தங்காத மனுதாரர்களுக்காக.

ஹங்கேரி இன்னொரு விதத்திலும் வந்து மாட்டிக்கொண்டது. 2024 ஒப்பந்தப்படி, எல்லையில் நடக்கும் விரைவு விசாரணைக்கு ஒன்றியம் முழுவதும் 30,000 இடம் வைக்க வேண்டும். எந்த நாடு எத்தனை என்பது, கடந்த மூன்று வருடத்தில் அங்கே பதிவான முறையற்ற எல்லை தாண்டல்கள், கடலில் மீட்கப்பட்டு வந்திறங்கியவர்கள், எல்லையில் அனுமதி மறுப்புகள் ஆகியவற்றை வைத்து. 2024-ல் போட்ட பங்கீட்டில் இத்தாலிக்கு 8,000-க்குச் சற்று மேல், ஹங்கேரிக்கு 7,700-க்கு மேல். கிரேக்கத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். செர்பிய எல்லையில் தாண்டியவர்களை ஹங்கேரி விடாமல் பதிந்து எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லி வந்தது. அதே எண் திரும்பி வந்து அதன் தலையில் விழுந்தது.

அதே ஹங்கேரியில் 2023-ல் முதல்முறை புகலிட மனுதாரர்கள் எத்தனை பேர் தெரியுமா? 30. ஆயிரமோ லட்சமோ விட்டுப்போகவில்லை, முப்பதுதான். 2020-லிருந்து பெரும்பாலானவர்கள் முதலில் பெல்கிரேடிலோ கீவிலோ உள்ள ஹங்கேரித் தூதரகத்தில் விருப்பம் தெரிவித்து அனுமதி வாங்கினால்தான் உள்ளே வந்து மனு போட முடியும். அது சட்டவிரோதம் என்று ஒன்றிய நீதிமன்றம் 2023-ல் சொன்னது. திருத்தாததால் 2024 ஜூனில் 20 கோடி யூரோ அபராதமும், திருத்தும் வரை நாளுக்குப் பத்து லட்சமும் விதித்தது. புள்ளிவிவரப்படி அந்த 30 குறையில்லாத எண். ஒரு கதவை எவ்வளவு இறுக்கமாகச் சாத்தியிருக்கிறார்கள் என்பதன் அளவு அது.

உக்ரைன்காரர்கள் இந்தக் கணக்கில் எங்கே?

இல்லை. 2022 மார்ச் 4-ல் தற்காலிகப் பாதுகாப்பு ஆணையை முதன்முறையாக அமல்படுத்தினார்கள்; 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதன் கீழ் வந்தார்கள். புகலிட மனு போடத் தேவையில்லாததால் தனி அட்டவணை. போலந்தின் புகலிட எண்ணை மட்டும் பார்த்து “அவர்கள் யாரையும் ஏற்பதில்லை” என்று எழுதுவது தப்பு. ஒருவரே இரண்டு நாட்டில் பதிந்திருக்கிறாரா என்று பார்க்க 2022 மே இறுதியில் பொதுப் பதிவுத் தளம் ஒன்றைத் திறந்தார்கள். போர் தொடங்கி மூன்றே மாதத்தில். மனமிருந்தால் இவ்வளவு வேகமாக முடியும் என்பதும் தெரிந்தது.

‘குடியேறியவர்’ என்றால் யார்?

ஒன்றிய வரையறையில், குறைந்தது 12 மாதம் தங்கும் எண்ணத்தோடு வேறு நாட்டிலிருந்து வந்து வசிப்பவர். எண்ணத்தை யார் அளப்பது? ஜெர்மனியில் குடிபுகுந்தால் நகராட்சியில் பதிய வேண்டும். போலந்து வெகுகாலம், நிரந்தரமாகப் போகிறேன் என்று எழுதிக்கொடுத்தவரை மட்டும் வெளியேறியவராக எண்ணியது. விளைவு: 2003-ல் போலந்திலிருந்து ஜெர்மனிக்குப் போனவர்கள் ஜெர்மனியின் கணக்கில் ஒரு லட்சத்துக்கு மேல், போலந்தின் கணக்கில் 15,000 அளவில். இந்த மாதிரிக் கேலிக்கூத்துகள்தான் 2007 ஒழுங்குவிதிக்கு வழிவிட்டன.

நிராகரிக்கப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவர்தான் திரும்பிப் போகிறார் என்கிறார்களே?

இந்த எண்ணை மிக எச்சரிக்கையாகத் தொட வேண்டும். ஒரு வருடத்தில் வெளியேறச் சொல்லி எத்தனை உத்தரவு, அதே வருடத்தில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று வகுக்கிறார்கள். டிசம்பரில் உத்தரவு வாங்கியவர் மார்ச்சில் போனால் வகுக்கும்போது மேலே உள்ள எண்ணும் கீழே உள்ள எண்ணும் வெவ்வேறு வருடம். ஒருவருக்கே பிரான்சில் ஒன்று, பெல்ஜியத்தில் ஒன்று என்று உத்தரவுகள் சேரலாம். யாரிடமும் சொல்லாமல் தானாகக் கிளம்பியவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். ஐரோப்பியத் தணிக்கையகம் 2021-ல் கொடுத்த எண் 29 சதவீதம். ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள நாடுகளுக்கு 20-க்கும் கீழே. பிரச்சினை இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் இந்த விகிதத்தை ஒரு புள்ளி உயர்த்துவதையே கொள்கையின் இலக்காக வைத்தால், உத்தரவுகளைக் குறைவாகக் கொடுத்தே அதைச் சாதித்துவிடலாம்.

பதிவே இல்லாமல் இருப்பவர்கள்?

மதிப்பீடுதான். 2008-க்கு, அப்போதைய 27 நாடுகளில் 19 முதல் 38 லட்சம் வரை என்று ‘கிளாண்டெஸ்டினோ’ ஆய்வு சொன்னது. கீழ் எல்லைக்கு மேல் எல்லை இரட்டிப்பு. அவ்வளவு அகலமாகச் சொன்னதற்காகவே அதை நம்பலாம். ஒரே எண்ணாக, அதுவும் கடைசி இலக்கம் வரை யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள்.

வழியில் செத்தவர்களுக்கு 2007 ஒழுங்குவிதியில் அட்டவணையே கிடையாது. லாம்பெடூசா அருகே 2013 அக்டோபரில் 368 பேர் மூழ்கிய பிறகு, சர்வதேசக் குடிபெயர்வு அமைப்பு இறப்புகளைத் தொகுக்க ஆரம்பித்தது. 2014-லிருந்து மத்தியதரைக் கடலில் மட்டும் 30,000-க்கு மேல் இறந்தோ காணாமலோ போயிருக்கிறார்கள். பத்திரிகைச் செய்தி, பிழைத்தவர் சாட்சி, கரை ஒதுங்கிய உடல் இவற்றை வைத்துப் போடும் கணக்கு. சாட்சியே இல்லாமல் மூழ்கிய படகு இதில் சேராது.

ஐரோப்பாவில் புகலிடம் கேட்ட தமிழர்கள் எத்தனை பேர் என்று பார்க்க முடியுமா?

முடியாது. யூரோஸ்டாட் குடியுரிமைப்படி எண்ணுகிறது. இனம், மொழி கேட்பதில்லை. அங்கே ‘இலங்கை’ என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்துக்காரரும் கொழும்புச் சிங்களவரும் ஒரே வரி. பிறகு அந்த யாழ்ப்பாணத்துக்காரர் பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்ததும் அந்த வரியிலிருந்தும் மறைந்து, பிறந்த நாடு பற்றிய அட்டவணையில் மட்டும் மிஞ்சுவார். பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பேலில் பிறந்து தமிழ்ப் பள்ளிக்குப் போகும் அவர் மகள் இரண்டிலும் இல்லை. “ஐரோப்பாவில் இத்தனை லட்சம் தமிழர்” என்று மேடையில் கேட்கும் எந்த எண்ணும் ஊகம்தான். இனத்தைப் பதியாமல் விடுவதற்கு ஐரோப்பாவின் வரலாற்றில் நியாயமான காரணங்கள் உண்டு. அந்தப் பட்டியல்கள் யார் கையில் என்னவாகின என்று அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்த வருடம் எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதா?

சொல்லிப் பார்த்து அடி வாங்கிய பிரபலமான கேஸ் ஒன்று உண்டு. 2004-ல் போலந்து உள்ளிட்ட பத்து நாடுகள் ஒன்றியத்தில் சேரும் முன், பிரிட்டனுக்கு வருடத்துக்கு நிகரமாக 5,000 முதல் 13,000 பேர் வருவார்கள் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வந்ததோ லட்சக்கணக்கில். ஜெர்மனியும் மற்றவர்களும் அதே நாளில் தொழிலாளர் சந்தையைத் திறப்பார்கள் என்பது மதிப்பீட்டின் அனுமானங்களில் ஒன்று, அவர்கள் திறக்கவில்லை. ஆய்வாளர்கள் நிபந்தனையை எழுதித்தான் வைத்திருந்தார்கள். அரசியல்வாதிகள் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

சரியான எண் கிடைத்துவிட்டால் நாடுகள் ஒத்துக்கொள்ளுமா?

2015-ல் எண் இருந்தது, சூத்திரம் இருந்தது, வாக்கெடுப்பில் ஜெயித்த முடிவும் இருந்தது. ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் தொடுத்த வழக்கும் 2017-ல் தோற்றது. 1,60,000 பேரில் கடைசியில் இடம் மாறியவர்கள் சுமார் 34,700. எண் சண்டையைத் தீர்க்காது. எதைப் பற்றிச் சண்டை என்பதையாவது தெளிவாக்கும்.

இந்த அட்டவணைகளை நானே பார்க்கலாமா?

யூரோஸ்டாட் தளத்தில் இலவசம், பதிவுகூட வேண்டாம். பார்க்கும்போது முதலில் தலைப்பில் மனுதாரர், முதல்முறை மனுதாரர், முடிவுகள் இவற்றில் எது என்று பாருங்கள். புகலிட எண்கள் எல்லாம் ஐந்தின் மடங்காக முழுமையாக்கப்பட்டவை. ஒரு கட்டத்தில் 0 என்றிருந்தால் ஒருவரோ இருவரோ இருக்கலாம். கடைசி மாதத்து எண் பெரும்பாலும் தற்காலிகமானது. இரண்டு வாரம் கழித்து அதே கட்டத்தைத் திறந்தால் எண் மாறியிருக்கும். பதற வேண்டாம், ஏதோ ஒரு தலைநகரில் பாக்கிக் கோப்புகளை ஏற்றியிருப்பார்கள்.